லயத்து முன்வாசலில் ஒரு கக்கூஸ்

ஹட்டனில் சொந்தமாகக் கட்டட காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற ரமேஷ், ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். வாரத்துக்கு ஒரு தடவையாவது அவனிடமிருந்து என் போனுக்கு ஒரு சுவர் வந்துவிடும். சுவர் என்றால் சுவருடைய படம். கீழே ஒரு வரி எழுதியிருப்பான்: "பாஸ், இதை உடைக்கலாமா?"

எனக்கு வருகிற கோபத்துக்குப் போனைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடலாம். படத்தைப் பார்த்துச் சுவரை உடைக்கச் சொல்ல நான் என்ன சோசியக்காரனா? அந்தச் சுவரின் தலையில் என்ன உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் யார் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்கள், அடியில் தண்ணீர் ஓடுகிறதா, ஒன்றும் தெரியாமல் உடை என்று சொன்னால் அது விழுந்த பிறகு யாரைக் கூப்பிடுவான்? என்னைத்தான் கூப்பிடுவான்.

ஆனால் போன கிழமை அவன் கேட்டது நியாயமான கேள்வி. "பாஸ், இப்ப சனங்க போன்ல வீடியோ பார்த்துட்டுத் தாங்களே உடைக்க ஆரம்பிச்சிடுறாங்க. பாதியில மாட்டிக்கிட்டு நம்மளைக் கூப்பிடுறாங்க. எதைத் தானே செய்யலாம், எதுக்கு ஆளைக் கூப்பிடணும்னு நீங்க ஒருக்கா எழுதிக் குடுங்க. நான் எல்லாருக்கும் அனுப்பி விடுறேன்" என்றான்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து பார்த்தால், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு எழுத எனக்கு வரவில்லை. வந்ததெல்லாம் கந்தப்பளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற ஒரு லயத்தில் நான் பார்த்த வேலைதான். தோட்டத்தில் ஓய்வு பெறுவதற்கு முன்னால் என் கையில் வந்த கடைசிப் பெரிய வேலை அது. இப்போது நினைத்தாலும் கை துறுதுறுவென்று வரும். அதையே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் முத்து. தோட்டத்துக் கட்டடப் பகுதியில் கலவை குழைக்கிற கையாளாகச் சேர்ந்து, மேசனாகி, கடைசியில் பாஸ் ஆனேன். எங்கள் பக்கத்தில் மேசனையும் தச்சனையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை என்ற அர்த்தமெல்லாம் கிடையாது, அடி வாங்குவதும் அவர்தான். லயத்துக்கு வெள்ளை அடித்திருக்கிறேன், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்குத் தரை போட்டிருக்கிறேன், மேனேஜர் துரையுடைய பங்களாவின் புகைக்கூண்டில் ஏறிக் குருவிக்கூடு எடுத்திருக்கிறேன். தொழில் பழகிய வருசங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. குளிர், ஈரம், சிமெந்து தின்ற விரல்கள், அவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் குணதாச பாஸ். சிங்களவர், ஆனால் லயத்துத் தமிழில் எங்களையே தோற்கடிப்பார். அவருடைய வேலைமுறை வீட்டுக்காரர்களைப் பைத்தியமாக்கும். ஒரு வீட்டை மாற்றிக் கட்ட வேண்டும் என்று கூப்பிட்டால் கரண்டி, மட்டக்கோல் என்று ஆயுதம் ஒன்றும் எடுத்துப் போக மாட்டார். வெறும் கையோடு போய் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார். குடித்துவிட்டு இன்னும் உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் யார் எங்கே நடக்கிறார்கள், எதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், எங்கே இடித்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

எங்கள் கிளாக்கர் ஐயா ஒரு தடவை, கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு வீட்டைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்றார். குணதாச பாஸ் காலையில் போய் உட்கார்ந்தவர், பகல் சாப்பாட்டு நேரம் வரை எழும்பவில்லை. "கட்ட வந்தீரா, விருந்துக்கு வந்தீரா?" என்று கிளாக்கர் ஐயா கேட்டேவிட்டார். இவர் அசையவில்லை. "ஐயா, உங்க நோனா சுடுதண்ணிப் பானையைத் தூக்கிக்கிட்டு இந்த வீட்டைச் சுத்தி வாறாங்க. சுவர் இருக்கட்டும். குசினிக்கு நேரா ஒரு கதவு வெட்டினா போதும்" என்றார். சுவர் தப்பியது, கதவு வந்தது. அந்த அம்மா பிறகு குணதாச பாஸுக்கு மட்டும் தேத்தண்ணியோடு முறுக்கு வைப்பார். எனக்கு வெறும் தேத்தண்ணிதான்.

சுவரில் வெடிப்பு இருந்தால் அவர் செய்கிற வேலை ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெந்து வைத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார். பழைய வெடிப்பு என்றால் கண்ணாடி வைத்தது வைத்தபடி இருக்கும். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த இரண்டையும்தான்: உட்கார்ந்து பார்ப்பது, கண்ணாடி ஒட்டுவது.

இப்போது கந்தப்பளைக் கதைக்கு வருகிறேன்.

சிவலிங்கம் எங்கள் தோட்டத்து ஆள். மரம் வெட்டுகிற வேலையில் நின்றவர், ஒரு நாள் கிளையோடு கீழே வந்துவிட்டார். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மாதக் கணக்காகக் கிடந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவருடைய மனைவி தனலெட்சுமி, தனம் என்று கூப்பிடுவோம், கொழுந்துக் கூடையோடு நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"பாஸ், அவரு வரமாட்டேங்கிறாரு" என்றாள்.

"ஏன், என்னவாம்?"

"கக்கூஸ் பின்னால படிக்கட்டு ஏறி மேல இருக்குல்ல. நாங்கதான் தூக்கிக்கிட்டுப் போவணும். பொம்பளப் புள்ளையும் நீயும் என்னைத் தூக்கிக் கழுவி விடுறதுன்னா நான் இங்கேயே கெடந்து சாவுறேங்கிறாரு. ஆளில்லாதவங்களை வச்சிருக்கிற மடத்துல சேர்த்து விடுன்னு நர்ஸ் நோனாகிட்டச் சொல்லியிருக்காரு பாஸ்." அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். "வீட்டுக்குள்ளயே ஒண்ணு கட்டிக் குடுங்க. அவரு தானா போய்வரணும். அது நடக்கலைன்னா அந்த மனுசன் வரமாட்டாரு, எனக்கு அவரைத் தெரியும்."

அவ்வளவுதான் விசயம். வீட்டை அழகாக்குகிற வேலை இல்லை இது. ஒரு மனுசன் வீட்டுக்கு வருவானா, மாட்டானா என்பதுதான் வேலை.

மறுநாளே போய் அவர்கள் காம்பராவில் உட்கார்ந்தேன். லயத்து வீடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே கூரை, இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்ன விறாந்தை, அதற்கு முன்னால் எல்லாரும் நடக்கிற வாசல். உள்ளே ஒரு காம்பரா, அதற்குப் பின்னால் குசினி. குசினிக்குப் பின்னால் ஆள் நடக்கிற அளவு இடம், உடனே செங்குத்தாக மண் மேடு. மேட்டுக்கு மேலே தேயிலை மலை. தனம் வீட்டிலும் அதேதான்.

நான் போகிற நேரம் தனத்தின் தம்பி பாலன் வேலையை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தான். கொழும்பில் கடையில் நிற்கிற பையன், அத்தானுக்காக லீவு போட்டு வந்திருந்தான். கையில் மம்பட்டி, தலையில் துவாய், காலெல்லாம் சேறு. குசினிக்குப் பின்னால் மேட்டைக் குடைந்து, கக்கூஸ் கட்ட இடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க பாஸ், நீங்க வாறதுக்குள்ள பாதி முடிச்சிட்டேன்" என்றான் பெருமையாக.

அவனைத் திட்டி என்ன செய்ய? எங்கள் லயங்களில் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. வீடு போதவில்லை. முன்னால் இடம் இல்லை, பக்கத்தில் அடுத்த வீடு. மிஞ்சுவது பின்னால் இருக்கிற மேடு ஒன்றுதான். ஒருத்தர் விறகு வைக்கக் கொஞ்சம் வெட்டுவார். பிறகு கோழிக்கூட்டுக்குக் கொஞ்சம். பிறகு குசினியைக் கொஞ்சம் தள்ளுவார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரரும் வெட்டுவார். அப்பன் வெட்டினதோடு மகன் வெட்டினதும் சேர்ந்து, கடைசியில் மேடு சுவர் மாதிரி நட்டக்குத்தாக நிற்கும். காசு கேட்காத இடம் அது ஒன்றுதான் என்பதால் யாருக்கும் பயம் வராது.

நான் குசினிச் சுவரைப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் இருந்த மூலையில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. "இது எப்ப வந்தது?" என்று தனத்தைக் கேட்டேன். "அது எப்பவும் உள்ளதுதானே" என்றாள். எல்லா வீட்டிலும் இதே பதில்தான் கிடைக்கும். பையிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்துக் குறுக்கே ஒட்டினேன். "இது என்ன பாஸ், அலங்காரமா?" என்று பாலன் சிரித்தான். "நான் சொல்ற வரைக்கும் மம்பட்டியைக் கீழ வை" என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு.

சிமெந்து காய்கிற வரை சும்மா இருக்க எனக்கு முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். சக்கர நாற்காலியை அளக்கத்தான் போனேன், ஆனால் அங்கே பயிற்சி கொடுக்கிற ஒரு மிஸ் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அந்த மிஸ் சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. நாற்காலி உள்ளே போனால் மட்டும் போதாதாம், திரும்ப வேண்டுமாம். சிவலிங்கத்துக்கு இடது கைதான் பலம், அதனால் பிடிக்கிற கம்பி இடது பக்கம் வர வேண்டுமாம். கொமட்டின் உயரமும் நாற்காலியின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். கதவு உள்பக்கம் திறந்தால் உள்ளே விழுந்த ஆளைத் தூக்க முடியாதாம். சாய்வுத் தரை செங்குத்தாக இருந்தால் நாற்காலி பின்னால் கவிழுமாம். இதில் ஒன்றைக்கூட நானாக யோசித்திருக்க மாட்டேன். எத்தனை வருசம் கல் கட்டினால் என்ன, எனக்குக் கால் இருக்கிறதே.

சிவலிங்கத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எதுக்கு பாஸ் வீண் வேலை?" என்றார். "தனத்துக்கிட்டச் சொல்லிட்டேன், நான் வரல."

"நீ வாறதும் வராததும் உன் இஷ்டம். நான் கட்டுறது கட்டுறதுதான். எந்தப் பக்கம் திரும்புறது உனக்குச் சுகம், அதை மட்டும் சொல்லு" என்றேன்.

போர்வை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "எடது பக்கம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸில் ஏறிய சந்தோசத்தைக் கேட்காதீர்கள். வர விருப்பமில்லாத மனுசன் எதற்கு இடது பக்கம் என்று சொல்கிறான்?

லயத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடி உடைந்திருந்தது.

நடுவில் சரியாக இரண்டாக. சுவர் நகர்கிறது. சுவரை மேடு தள்ளுகிறது. தனத்தைக் கூப்பிட்டு, "பின்னால யாரும் போகக் கூடாது. குசினியில அடுப்பும் வேணாம், முன்னால கொண்டுவந்து வை" என்றேன்.

பாலனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கண்ணாடித் துண்டு உடைஞ்சதுக்கா பாஸ்? பூனை தட்டியிருக்கும். நாலு கல் வச்சு ஒரு சுவர் எழுப்பினா மண்ணு நிக்கும். நீங்க மேசன்தானே, சுவரு கட்டத் தெரியாதா?"

தெரியும். அழகாகக் கட்டுவேன். பார்க்கிற யாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஆனால் ரமேஷ் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தப்பாகப் போனால் திரும்பச் செய்யலாம் என்கிற வேலையை நீயே செய். பூச்சு, வெள்ளை, தரை, அலுமாரி, இதெல்லாம் கோணினால் நாலு பேர் சிரிப்பார்கள், மறுபடி செய்துகொள்ளலாம். தப்பாகப் போனால் ஒருத்தர் தலையில் விழும் என்கிற வேலைக்கு, அதைப் படித்த ஆளைக் கூப்பிடு. மண் என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட எனக்கு வெட்கமும் இல்லை.

பாலனிடம் அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சூடாகச் சொன்னேன். அவனும் சூடாக எதையோ சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் போய்விட்டான். நான் துரையைப் பார்த்து விசயத்தைச் சொல்ல, அவர் போன் எடுத்துப் பேசி, மண்சரிவு பார்க்கிற இஞ்சினியர் ஒருவர் வருவதற்கு ஏற்பாடு செய்தார்.

வந்தவர் ஒரு சின்ன வயசு மிஸ். சிங்களத்தில்தான் பேசினார். வீட்டை ஏறிட்டும் பார்க்காமல் நேரே மலைக்கு ஏறிவிட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். தேயிலைச் செடிக்கு நடுவில் குனிந்து குனிந்து போய், ஓர் இடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். மண்ணில் மேட்டின் விளிம்பு நீளத்துக்கு ஒரு பிளவு, கை நுழைகிற அளவு. அதற்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் போக வெட்டியிருந்த கான் இலைகுழையால் அடைத்துக்கிடந்தது. மழைத் தண்ணீர் கானில் போகாமல் பிளவுக்குள் போய்க்கொண்டிருந்தது. கீழே நின்று ஒரு வருசம் பார்த்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது.

"பாஸ், மழைக்கு முதல் இதை மூட வேணும். கீழே யாரும் வெட்டக் கூடாது. ஒரு கரண்டி மண்கூட எடுக்கக் கூடாது" என்றார்.

பிளவைப் பொலித்தீனால் மூடினோம், கானைத் துப்புரவாக்க ஆட்கள் வந்தார்கள். பாலன் மட்டும் தன் மம்பட்டியைக் குழிக்குள்ளேயே குத்தி நிறுத்தி வைத்திருந்தான். இஞ்சினியர் போனதும் தொடரலாம் என்று நினைப்பு.

கான் வேலை பாதியில் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கந்தப்பளை மழை தெரியும்தானே, தகரத்தில் அடிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. நாங்கள் எல்லாரும் இஸ்தோப்பில் நின்றோம். பகல் நேரம். ஒரு சத்தம் கேட்டது, பெரிய சத்தமெல்லாம் இல்லை, மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. பின்னால் போய்க் குசினிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தால், பாலன் வெட்டின குழியே இல்லை. குழி நிறைய சேறு, அதற்கு மேல் இரண்டு தேயிலைச் செடி வேரோடு உட்கார்ந்திருந்தது. மம்பட்டி உள்ளே போய்விட்டது.

பாலன் என் பக்கத்தில் நின்றான். உதடு வெளுத்துவிட்டது. "நான் அதுக்குள்ள நின்னிருப்பேன் பாஸ்" என்றான். அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

இஞ்சினியர் மிஸ் மறுபடி வந்தார். தொங்கிக்கொண்டிருந்த மண் வந்துவிட்டது, இனி அடியில் கம்பி வலைக்குள் கல் அடுக்கி முட்டுக் கொடுத்தால் வீடு நிற்கும், ஆனால் பின்பக்கம் எதுவும் கட்டக் கூடாது, கடும் மழை அறிவிப்பு வந்தால் எல்லாரும் இடம் மாற வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். தனம் அதைக் கேட்டதும் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவரு வரமாட்டாரு" என்றாள்.

நான் மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் விளக்கிச் சொன்னேன். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "அப்ப முன்பக்கம் கட்டலாம்தானே? இஸ்தோப்பை ஒட்டி. ஏன் கட்டக் கூடாது?"

லயத்து முன்வாசலில் கக்கூஸ்! சாமி வரும் வாசல், கல்யாண ஊர்வலம் வரும் வாசல், மார்கழியில் கோலம் போடுகிற வாசல். என் ஆயுசில் அப்படி ஒரு கட்டடத்தை நான் பார்த்ததில்லை, யோசித்ததும் இல்லை. ஆனால் அவர் கேட்டதும் என் மண்டைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. முன்பக்கம் சமதரை. பின்னால் மாதிரி படிக்கட்டு இல்லை, இஸ்தோப்புக்கு ஏறுகிற படியை மட்டும் சாய்வாக்கினால் போதும். நாற்காலி நேரே போகும், இடது பக்கம் திரும்பும். எல்லாம் பொருந்துகிறது. எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது, அங்கேயே ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த காம்பரா மாரியாயி அக்கா கோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். குழாயும் குழியும் அவருடைய வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் சம்மதிக்காமல் ஒரு சாண் தோண்ட முடியாது.

"என்னா பாஸ், என் வீட்டுக்கு வாற சம்பந்தக்காரங்க இவ கக்கூஸைத் தாண்டியா வரணும்? நல்லா இருக்கே ஞாயம்" என்றார். அந்த மாதம் அவர் மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கோபத்திலும் குற்றம் சொல்ல முடியாது.

தனம் எழும்பி வந்தாள். சண்டை போடப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் மாரியாயி அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் கல்யாணம் கட்டி இந்த லயத்துக்கு வந்தப்போ என்னைய மொதல்ல உள்ளுக்குக் கூப்பிட்டது நீங்க. இப்ப அவரை வரச் சொல்றதும் வேணாங்கிறதும் உங்க வாயிலதான் இருக்கு. எனக்கு வாசல் வேணாம். கோலம் வேணாம். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். அவரு மட்டும் வரணும்."

மாரியாயி அக்கா கையை உருவவில்லை. கோட்டைத் தன் வாசல் வரை கண்ணாலேயே அளந்தார். பிறகு என்னைப் பார்த்து அதட்டினார்: "குழாயைப் போடுங்க பாஸ். ஆனா கதவு என் பக்கம் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு. உள்பக்கம் திறக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி மிஸ், வெளிப்பக்கம் திறக்கக் கூடாது என்று மாரியாயி அக்கா. கதவு பிறகு எந்தப் பக்கம்தான் திறக்கும்? பக்கவாட்டில் தள்ளுகிற கதவுதான் வழி. அதை நான் செய்தால் மாட்டிக்கொண்டு நிற்கும். ஹட்டனில் நல்ல தச்சு பாஸ் ஒருவரைப் பிடித்துச் செய்வித்தேன். ஒரு விரலால் தள்ளினால் ஓடும். குளிருக்குச் சுடுதண்ணி வேண்டும் என்று பாலன் குசினி விளக்கிலிருந்து வயர் இழுக்க வந்தான். "உன் அத்தான் மரத்துல இருந்து விழுந்தது போதும், கரண்டும் அடிக்கணுமா?" என்று விரட்டிவிட்டு, லைசன்ஸ் உள்ள கரண்ட்காரரை வரவழைத்தேன். தண்ணீரும் கரண்டும் ஒரே அறையில் சேர்கிற இடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் ஒன்றுதான்.

மேட்டடியில் கம்பி வலைக் கல் முட்டை இஞ்சினியர் மிஸ் சொன்னபடி தோட்டத்திலிருந்து ஆள் வந்து போட்டார்கள். மிச்சமெல்லாம் நாங்களே செய்தோம். அடடா, அதைச் சொல்ல வேண்டும். மலையில் வேலை முடிந்து, கொழுந்து நிறுத்து முடிந்து, சனம் வந்து சேர்ந்த வேகம் இருக்கிறதே! பொம்பளைகள் கொழுந்துச் சாக்கில் மணல் கொண்டுவந்தார்கள். பாலன் கலவை குழைத்தான், முதல் நாள் தண்ணீராகக் குழைத்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான், இரண்டாவது நாள் சரியாக வந்தது. தனத்தின் மகள் கவிதா பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டுக் கதவைக் கழற்றிய இடத்தில் நாற்காலி நுழைய நான் நிலையை அகலமாக்குவதைப் பார்த்துக்கொண்டே செங்கல் எடுத்துக் கொடுப்பாள். மாரியாயி அக்கா ஒரு நாள் பெயின்ட் டப்பாவோடு வந்தார். "வெள்ளையா வச்சா கக்கூஸ் மாதிரியே தெரியும். நீலம் அடிங்க" என்றார். நீலம் அடித்தோம். நான் தூக்குக்குண்டு பிடித்துக் கல் வைக்கும்போது நாலு பேர் சுற்றி நின்று அளவு சொல்வார்கள். யாரையும் துரத்தவில்லை நான். அந்த நாட்களில் எனக்கு முதுகு வலித்ததாக ஞாபகமே இல்லை.

சாய்வுத் தரையை ஆஸ்பத்திரி மிஸ் சொன்னபடி நீளமாகப் போட்டேன். இடது பக்கம் கம்பி வைத்தேன். கம்பியில் நான் என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். "பாஸ் குரங்கு மாதிரி தொங்குறாரு" என்று கவிதா ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள்.

சிவலிங்கத்திடம் முன்வாசலில் கட்டியதை யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் கட்டியாச்சு என்று மட்டும் தனம் போய்ச் சொன்னாள். "ஒரு தடவை வந்து பாருங்க. சரிவரலைன்னா நானே மடத்துல கொண்டுபோய் விடுறேன்" என்றாளாம். அந்த வார்த்தைக்குத்தான் அவர் ஒத்துக்கொண்டார்.

அவர் வந்த அன்று லயத்தில் வேலைக்குப் போனவர்கள்கூட நேரத்தோடு திரும்பிவிட்டார்கள். வேன் வந்து நின்றது. பாலனும் டிரைவரும் இறக்கி நாற்காலியில் வைத்தார்கள். தனம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். நான் சுவரோரமாக நின்றேன். கட்டின வேலையைப் பரீட்சைக்கு விட்டுவிட்டு நிற்கிறவனுக்கு அந்த நேரம் எப்படி இருக்கும் என்று மேசன்மாருக்குத் தெரியும்.

சிவலிங்கம் யாரையும் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தார். இஸ்தோப்பை ஒட்டி நிற்கிற நீல அறையைப் பார்த்தார். அது என்ன என்று அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு மாரியாயி அக்காவின் வாசலைப் பார்த்தார், குழாய் போன இடத்தில் புதுச் சிமெந்து தெரிந்தது. பிறகு தனத்தைப் பார்த்தார். சிரித்துவிடுவார்களோ, இவர் வேனைத் திருப்பச் சொல்லிவிடுவாரோ என்று நான் டிரைவரையே பார்த்தேன்.

அவர் கைகளைச் சக்கரத்தில் வைத்தார். தனம் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தள்ள ஓடினாள். அத்தனை மாதமும் ஆஸ்பத்திரியில் தள்ளியும் தூக்கியும் பழகின கை, அது தானாக ஓடும். "விடு" என்றார் சிவலிங்கம். சாய்வில் மெதுவாக ஏறினார். பாதியில் மூச்சு வாங்கி நின்றார், மறுபடி ஏறினார். நீல அறைக்கு முன்னால் வந்து ஒரு விரலால் கதவைத் தள்ளினார். ஓடியது. உள்ளே போனார். இடது பக்கம் திரும்பினார், சுவரில் இடிக்கவில்லை. கதவு அவருக்குப் பின்னால் மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

தனம் கதவுக்கு வெளியே நின்றாள். இரண்டு கையும் முன்னால் நீட்டியபடியே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் தட்டப் போனாள்.

"தனம்" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது. "வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்து போ. இங்கிட்டு நான் பார்த்துக்கிறேன்."